உதடு ஒன்று, சொல் ஒன்று

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



தெலுங்குப் படங்களைப் பற்றி எழுதிவந்த அனுபவத்தைச் சொல்லும்படி இந்நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் கேட்டார். கேட்ட கையோடு இன்னொரு கேள்வியையும் வைத்தார். தெலுங்கு தெரியாத ஒருவர் தெலுங்குப் படத்துக்கு எப்படி விமர்சனம் எழுதலாம் என்பதே அது. இந்தக் கேள்வி எனக்குப் பழையது. கிளிநொச்சியிலும் கேட்டிருக்கிறார்கள், முல்லைத்தீவிலும் கேட்டிருக்கிறார்கள், வவுனியாவில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் எழுந்து நின்றே கேட்டிருக்கிறார்கள். இன்று அதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஓரிரு வார்த்தை. நான் தொழில்முறை விமர்சகன் அல்லன். கூட்டுறவுச் சங்கமொன்றிற் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன். பகலில் ஐந்தொகை, இரவிற் படக்கொப்பி என்று முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. எந்தத் தியேட்டர்காரரும் எனக்கு இலவச ரிக்கற் தந்ததில்லை. எழுதியதற்கு எவரும் சன்மானம் தந்ததுமில்லை. தரவேண்டுமென்று எதிர்பார்க்கவுமில்லை. எங்கள் நாட்டிற் பெரும்பாலான கலை விமர்சனம் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அஞ்சல் தந்தித் திணைக்களத்திற் பணிபுரிந்துகொண்டே 1975இல் ‘அலை’ சஞ்சிகையைத் தொடங்கிய நண்பர்களுள் ஒருவரான அ. யேசுராசா நல்ல சினிமாவைப் பற்றி விடாமல் எழுதினார். மட்டக்களப்பிற் பிறந்த கே. எஸ். சிவகுமாரன் 2022இல் மறையும்வரை இரண்டு மொழிகளிலும் நூலையும் படத்தையும் அறிமுகஞ் செய்துகொண்டேயிருந்தார். அவர்களோடு என்னைச் சேர்த்துப் பேசுவதாக எவரும் எண்ணவேண்டாம். இந்த வேலை சம்பளத்துக்காகச் செய்யப்படும் வேலையாக இங்கே இருந்ததில்லை என்பதைச் சொல்லவே அவர்களைக் குறிப்பிட்டேன்.

ஏன் தெலுங்கு? தெலுங்கு எங்களுக்கு அவ்வளவு தூரத்து மொழியன்று. கோயிற் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் நின்று வாசிக்கும் உருப்படிகளிற் பாதிக்கு மேல் தெலுங்குக் கீர்த்தனைகள். திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் தெலுங்கிலேதான் பாடினார். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் விடியும்வரை மேளங் கேட்டவர்கள், தாம் கேட்பது தெலுங்கென்று தெரியாமலே தெலுங்கைக் கேட்டிருக்கிறார்கள். இலங்கை வானொலியிலே ஒரு காலத்தில் தெலுங்கு ஒலிபரப்பு இருந்தது. மீனாட்சி பொன்னுதுரை என்ற அறிவிப்பாளரின் குரலை ஆந்திரத்து வீடுகளிற் காத்திருந்து கேட்டார்கள். அங்கே எங்கள் கே. எஸ். ராஜாவை எவருக்கும் தெரியாது, ஆனால் மீனாட்சி பொன்னுதுரையைத் தெரியும். இன்னும் கிட்டச் சொன்னால், வவுனியாவுக்குத் தெற்கே அநுராதபுர மாவட்டத்தில், தம்புத்தேகமைப் பக்கத்துக் குடாகமவிலும், கிழக்கே அக்கரைப்பற்றை அடுத்த அளிக்கம்பையிலும் வீட்டு மொழியாகத் தெலுங்கைப் பேசும் குறவர் சமூகத்தவர் வாழ்கிறார்கள். 

சிறுவயதில் நாங்கள் விழுந்து விழுந்து வாசித்த ‘அம்புலிமாமா’வும் தெலுங்கு வீட்டுப் பிள்ளைதான். நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947இல் தொடங்கிய ‘சந்தமாமா’வின் தமிழ் வடிவம் அது. அதன் தெலுங்கு ஆசிரியராக 1952 முதல் 1980இல் இறக்கும்வரை இருந்தவர் கொடவட்டிகண்டி குடும்பராவ். பெரிய எழுத்தாளர், அதோடு சினிமாவைப் பற்றிக் கண்டிப்பான கட்டுரைகளையும் எழுதியவர். சந்தமாமாவின் சொந்தக்காரர்களே விஜயா ஸ்ரூடியோவின் சொந்தக்காரர்களும். தன் முதலாளிமாரின் தொழிலையே விமர்சிக்கும் ஒருவரை அவர்கள் இருபத்தெட்டு வருடம் வைத்திருந்தார்கள். இது இருபக்கத்துக்கும் மரியாதை தரும் செய்தி.

அந்த விஜயா நிறுவனம் 1957இல் எடுத்த ‘மாயாபஜார்’ படத்தை நேயர்களுட் பலர் பார்த்திருப்பீர்கள். கே. வி. ரெட்டியின் நெறியாள்கை, மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு. தெலுங்கிலும் தமிழிலும் தனித்தனியாகப் பிடிக்கப்பட்ட படம் அது. தெலுங்கில் அபிமன்யுவாக நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். சாவித்திரியும் எஸ். வி. ரங்கராவும் என். ரி. ராமராவும் இரண்டிலும் உண்டு. ஒரே செற், ஒரே விளக்கு. ஒரு காட்சியைத் தெலுங்கிற் பிடித்து முடித்ததும் ஆளை மாற்றித் தமிழிற் பிடிப்பார்கள். நடிகர் தமிழ் வசனத்தைத் தமிழாகவே உச்சரிக்க வேண்டும். கடோற்கசன் மணப்பெண்ணின் உருவத்தை எடுத்து வந்திருக்கும் கட்டத்தில், பெண்ணுடலுக்குள்ளே அரக்கன் இருப்பதைச் சாவித்திரி தோளாலும் நடையாலும் காட்டுவாரே, அந்த நடிப்புக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. ரங்கராவின் உடலசைவை அவர் படித்து எடுத்து, அளவாகக் குறைத்து, ஒரு பெண்பிள்ளையின் கழுத்திலும் கையிலும் வைத்தார். குண்டூர்ப் பக்கத்துக் கிராமத்திற் பிறந்த அந்த அம்மையாரைத் தமிழ் உலகம் ‘நடிகையர் திலகம்’ என்றது. அவர் தெலுங்கரா தமிழரா என்று எங்கள் தாய்மார் ஒருநாளும் யோசிக்கவில்லை.

பிறகு காலம் மாறிற்று. இரண்டு தடவை படம் பிடிக்கும் செலவை விட்டுவிட்டு, ஒரு தடவை பிடித்துக் குரலை மட்டும் மாற்றும் வழிக்கு வந்தார்கள். மொழிமாற்றுப் படங்களின் காலம் இது. வன்னியில் நாங்கள் பார்த்த தெலுங்குப் படங்களில் அநேகமானவை இந்த வகையே. தெலுங்கு ‘சிவா’ எங்களிடம் ‘உதயம்’ ஆக வந்தது. ‘கீதாஞ்சலி’ ‘இதயத்தைத் திருடாதே’ ஆயிற்று. விஜயசாந்தி நடித்த ‘கர்த்தவ்யம்’ ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ ஆயிற்று. 

மொழிமாற்றுக்கு வசனம் எழுதுவது சாமானிய வேலையன்று. ஆரூர்தாஸ் போன்ற அனுபவசாலிகள் அதைச் செய்தார்கள். தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிபவை, வாய் திறந்தபடியே நிற்கும். தமிழ்ச் சொற்களோ ‘ம்’ என்றும் ‘ன்’ என்றும் ‘ல்’ என்றும் அடைத்துக்கொள்பவை. திரையில் வாய் திறந்திருக்க, ஒலி மூடிவிட்டால் பார்ப்பவன் சிரித்துவிடுவான். அதனாலேதான் மொழிமாற்றுப் படங்களிற் பேச்சுக்குப் பேச்சு ‘டா’, ‘யா’, ‘அம்மா’, ‘நைனா’ என்று ஒரு வால் தொங்கும். எழுதுகிறவரின் இரசனைக் குறைவென்று பலர் இதைப் பரிகசிப்பார்கள். திறந்த வாயை நிரப்ப அவருக்கு வேறு வழியில்லை. பின்னாலே கடைகளின் பெயர்ப்பலகைகள் மட்டும் மாறாமல் வட்ட வட்டமான தெலுங்கெழுத்தில் நிற்கும். முதன்முதற் பார்த்த சிறுவர்கள் அதைச் சிங்களம் என்று நினைத்துக் குழம்பியதும் உண்டு.

இதிலே எங்களுக்கென்று ஒரு விசேட சங்கடம் இருந்தது. கோதாவரிக் கரைப் பேச்சும் தெலங்கானாப் பேச்சும் ஒன்றன்று என்கிறார்கள். மொழிமாற்றில் இரண்டும் ஒரே சென்னைத் தமிழாகிவிடும். அந்தச் சென்னைத் தமிழும் எங்கள் வாயிற் புழங்கும் தமிழன்று. ஆகவே பரந்தனிலிருந்து ஒருவர் தெலுங்குப் படத்தைப் பார்க்கும்போது இரண்டு வேலிக்கு அப்பால் நின்று பார்க்கிறார். வசனத்தை நம்பி விமர்சனம் எழுதினால் அது ஆரூர்தாசுக்கு எழுதும் விமர்சனமாகிவிடும். எனவே நான் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். இரண்டாந் தடவை பார்க்கக் கிடைக்கும் படத்தில், ஒரு பத்து நிமிடத்தை ஒலியை முற்றாக நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். சொல் போய்விட்டால் மிஞ்சுவது கையும் காலும் முகமும் வெளிச்சமுந்தான். அதிலே பொய் இருந்தால் உடனே தெரியும்.

இதை எனக்குப் படிப்பித்தவர் சினிமாக் கல்லூரிக்காரர் அல்லர், முரசுமோட்டைப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர். அந்தக் காலத்துப் படக்காட்சியை இளம் நேயர்களுக்குச் சற்று விளக்கவேண்டும். தொண்ணூறுகளில் வன்னிப் பெருநிலத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினாற் பற்றறியும் எரிபொருளும் கிடைப்பது அரிது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம். அப்படியிருக்க ஒரு ஜெனறேற்றரைக் கொண்டுவந்து, ரிவியும் டெக்கும் பூட்டிப் படம் போடுவதென்றால் மண்ணெண்ணெய்க்கே ஊர் கூடிக் காசு சேர்க்கவேண்டும். வாய்க்கால் வரம்பால் நடந்து வருவார்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கி வருவார்கள், பாயும் கொண்டு வருவார்கள். 1995க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும் சேர்ந்துகொண்டபோது ஒரு சின்ன ரிவிக்கு முன்னே இருநூறு பேர் இருப்பது சாதாரணம். இதிலே மோசமான ஒரு படத்தைப் போட்டால், வீணாவது ஒருவருடைய இரண்டு மணித்தியாலம் அன்று, ஒரு கிராமத்தின் ஒரு மாத மண்ணெண்ணெய். “எந்தப் படத்தை எடுக்கலாம்?” என்று என்னிடம் வந்து கேட்கத் தொடங்கினார்கள். என் விமர்சனம் எழுதும் பழக்கம் அப்படித்தான் ஒரு பொறுப்பாக மாறிற்று. படத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி எங்கள் சனசமூக நிலையத்தின் அறிவித்தற் பலகையிற் குத்திவிடுவேன். பத்திரிகையில் வந்தவை பிறகுதான்.

அப்படியொரு இரவிற் போட்ட தெலுங்குப் படத்தில் கதாநாயகன் வயல் உழுதுகொண்டே பாட்டுப் பாடினான். எல்லோரும் பாட்டிலே மயங்கியிருந்தார்கள். பக்கத்திலிருந்த அந்தக் கமக்காரர் என் காதுக்குள்ளே சொன்னார்: “தம்பி, உவன் மேழி பிடிக்கிற பிடியைப் பாத்தியே? உந்தப் பிடிக்கு மாடு ஒரு சாலும் நேரை போகாது.” அவ்வளவுதான். அதன் பிறகு அந்த ஏழை உழவனின் கண்ணீரை என்னால் நம்ப முடியவில்லை. மேழி பிடிக்கத் தெரியாதவனைக் காட்டி உழவனின் துயரத்தைச் சொல்ல வந்த படமென்று எழுதினேன். பலகையில் அதை வாசித்தவர்கள் தலையசைத்தார்கள், ஏனென்றால் அவர்கள் எல்லோருக்கும் மேழி பிடிக்கத் தெரியும்.

இனிச் சொல்லப்போவது எனக்கு முக்கியமானது.

கே. விஸ்வநாத்தின் ‘ஸ்வாதி முத்யம்’ 1986இல் வந்த படம். தமிழில் ‘சிப்பிக்குள் முத்து’. கமல்ஹாசனும் ராதிகாவும் நடித்தது. இந்தியாவிலிருந்து ஒஸ்கார் போட்டிக்கு அனுப்பப்பட்டது. சிறு பிள்ளையின் மனதைக் கொண்ட ஓர் இளைஞன், குழந்தையோடு கைம்பெண்ணாகி நிற்கும் லலிதாவுக்கு, இராமநவமித் திருவிழாக் கூட்டத்தின் நடுவிலே திடீரென்று தாலியைக் கட்டிவிடுகிறான். கைம்பெண் மணத்தை இவ்வளவு துணிவோடு சொன்ன படம் என்று தமிழ்நாட்டுச் சஞ்சிகைகள் பாராட்டியிருந்தன. நாங்கள் அதைப் போட்ட இரவில் பெண்கள் எல்லோரும் அழுதார்கள். எங்கள் ஊரில் அப்போது கணவனை இழந்த இளம்பெண்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்த நாள் கூட்டுறவுக் கடைக்கு நிவாரண அரிசி எடுக்க வந்த ஒரு பிள்ளை, இரண்டு குழந்தைகளின் தாய், கூப்பன் மட்டையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: “அண்ணை, ராத்திரி எல்லாரும் அழுதினம். தாலி கட்டேக்கை அவளிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. அவளும் ஓமெண்டு சொல்லேல்லை.” சொல்லிவிட்டு அரிசியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிரவு குப்பி விளக்கில் இருந்து அந்த விமர்சனத்தை எழுதினேன். விஸ்வநாத் பெரிய கலைஞர், இரக்கமுள்ளவர், ஐயமில்லை. ராதிகாவின் திகைத்த முகத்தைக் கமரா சரியாகத்தான் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தத் திகைப்புக்குப் பின்னாலிருக்கும் கேள்வியைக் கதை எடுத்துக்கொள்ளவில்லை. அவளைக் கைம்பெண்ணாக வைத்திருக்கத் தீர்மானித்தவர்களும் அவளைக் கேட்கவில்லை, அவளுக்கு வாழ்வு கொடுக்கத் தீர்மானித்தவனும் கேட்கவில்லை. அவன் கள்ளமில்லாதவன் என்பதால் நாங்கள் அதை மன்னித்து விடுகிறோம், கள்ளமில்லாத ஆளாகப் பார்த்து அந்த வேலைக்கு வைத்ததே திரைக்கதையின் சாமர்த்தியம். இப்படித்தான் எழுதினேன். பலகையிற் குத்திய இரண்டாம் நாள் அது கழற்றப்பட்டிருந்தது. படத்துக்கு விமர்சனம் எழுதச் சொன்னால் ஊர்க் குடும்பங்களின் கதையை எழுதுகிறான் என்று பெரியவர்கள் சிலருக்குக் கோபம். அதற்கிடையில் பெண்பிள்ளைகள் பிரதி எடுத்துவிட்டார்கள்.

ஒரு கிழமை கழித்து அந்தப் பிள்ளை மறுபடி வந்தாள். கையிலே பென்சிலாற் பிரதி பண்ணிய தாள். “இதை எங்கடை மாமியிட்டை ஒருக்கா வாசிச்சுக் காட்டுவியளோ அண்ணை?” என்றாள். அவளுக்கு மறுமணம் செய்து வைப்பதா, விடுவதா என்று இரண்டு பக்கத்து உறவினரும் பேசிக்கொண்டிருந்த நேரமென்று பிறகுதான் விளங்கிற்று. போனேன். மாமியார் திண்ணையில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசிக்க வாசிக்கச் சுளகு நிற்கவேயில்லை. வாசித்து முடித்ததும் ஒன்றும் பேசவில்லை, எழும்பிப் போய்ப் பனங்கட்டியோடு தேநீர் கொண்டுவந்து தந்தார். அதற்குப் பின் நடந்தது அவர்கள் வீட்டு விஷயம், வானொலியிற் சொல்வதற்கில்லை. விமர்சனத்துக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் விளக்கம் சொல்லப் போவதில்லை, அந்தச் சுளகுச் சத்தம் இன்னும் என் காதிலே இருக்கிறது.

விஸ்வநாத்தின் இன்னொரு படத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1983இல் வந்த ‘சாகர சங்கமம்’, எங்களுக்கு ‘சலங்கை ஒலி’. விமர்சகன் ஒருவனே கதாநாயகனாக இருக்கும் படம் எங்கள் பக்கத்தில் வேறெது? பாலகிருஷ்ணன் நடனம் முழுவதும் தெரிந்தவன், மேடை கிடைக்காதவன், குடிகாரன், வயிற்றுப்பாட்டுக்குப் பத்திரிகைக்கு நடன விமர்சனம் எழுதுகிறான். கைதட்டு வாங்கும் ஓர் இளம் நர்த்தகியின் ஆட்டத்தைக் கிழித்து எழுதிவிடுகிறான். அவள் பக்கத்தார் பத்திரிகை அலுவலகத்துக்கே சண்டைக்கு வருகிறார்கள். அப்போது அவன் வாதாடுவதில்லை. மேசை கதிரைகளுக்கு நடுவிலே ஆடிக்காட்டுகிறான். ஒரே வரியை வெவ்வேறு நடன மரபுகளில் எப்படிப் பிடிக்கவேண்டுமென்று உடம்பாலே காட்டுகிறான். முடிவில் அந்தப் பெண்ணுக்கே குருவாகிறான். 

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எத்தனையோ பேர் கமலின் ஆட்டத்தைப் புகழ்ந்தார்கள், இளையராஜாவின் இசையைப் புகழ்ந்தார்கள். இளையராஜாவுக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருதும் கிடைத்தது. என்னைப் பிடித்துக்கொண்டது அந்த அலுவலகக் காட்சி. பிழை என்று சொல்பவன் சரியைக் காட்டக் கடமைப்பட்டவன். எங்களாற் படம் எடுத்துக் காட்ட முடியாது, உண்மைதான். ஆனால் மேழியின் பிடியைக் காட்டலாம். கேட்கப்படாத கேள்வியைக் காட்டலாம். அதுவுமில்லாமல் ‘நெறியாள்கை தொய்வு, இசை சுமார், ஒளிப்பதிவு பிரமாதம்’ என்று புள்ளி போடும் எழுத்தை நான் பரீட்சைத் திணைக்களத்து வேலை என்றுதான் சொல்வேன்.

ஒளிப்பதிவு என்றதும் ‘சங்கராபரணம்’ நினைவுக்கு வருகிறது. 1980இல் வந்த படம். தமிழ்நாட்டிலே தெலுங்குப் பாட்டுகளோடேயே ஓடிப் பெயர் வாங்கியது. சங்கர சாஸ்திரியாக நடித்த சோமயாஜுலு அரச உத்தியோகத்தில் இருந்துகொண்டு மேடையேறியவர், அவரும் எங்கள் கட்சிதான். இசையமைத்தவர் நாகர்கோவிற் பக்கத்தவரான கே. வி. மகாதேவன். கமராவுக்குப் பின்னால் நின்றவர் பாலு மகேந்திரா, மட்டக்களப்பு அமிர்தகழியிலே பிறந்த எங்கள் ஆள். தெலுங்கின் பெருமை என்று ஆந்திரம் கொண்டாடிய படத்தின் வெளிச்சம் முழுவதும் ஓர் ஈழத்தமிழனின் கண்ணால் வந்தது. அந்தப் படத்தை ஒலியில்லாமற் பாருங்கள். வறுமையில் வீழ்ந்த அந்த வித்துவானின் வீட்டுக்குள் பகல் வெளிச்சம் எப்படி நுழைகிறதென்று பாருங்கள். கதையிலே எனக்கு மனத்தாங்கல் உண்டு, பழமையைப் போற்றும் வேகத்தில் மேல்நாட்டு இசையைக் கேலிப்பொருளாக்கியது மலிவான வேலை. ஆனால் அந்த வெளிச்சம் மலிவானதன்று.

எங்களிடம் மொழிமாற்றி வராத இன்னொரு தெலுங்கு சினிமாவும் இருந்தது. மிருணாள் சென் 1977இல் பிரேம்சந்தின் கதையை வைத்து எடுத்த ‘ஒக ஊரி கதா’, தெலங்கானா ஆயுதப் போராட்டத்தைப் பற்றிக் கௌதம் கோஷ் எடுத்த ‘மா பூமி’, அந்தப் படத்தின் தயாரிப்பாளர்களுள் ஒருவரான பி. நரசிங்கராவ் பின்னர் தாமே நெறிப்படுத்திய ‘தாசி’. இவற்றின் பெயர்களைச் சஞ்சிகைகளில் வாசித்துப் பல வருடம் ஏங்கியிருக்கிறேன். 2002இல் ஏ-9 வீதி திறந்த பிறகு கொழும்பு நண்பர் ஒருவர் ‘தாசி’யை இறுவட்டிலே கொண்டுவந்தார். பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்துக்குத் தேசிய விருது பெற்ற அர்ச்சனா, அடுத்த ஆண்டே மறுபடி அந்த விருதைப் பெற்றது இந்தப் படத்துக்கு. ஜமீன்தார் வீட்டுக்குச் சீதனத்தோடு சீதனமாகக் கொடுக்கப்பட்ட பெண் ஒருத்தி. படத்தில் வசனம் மிகக் குறைவு. அவள் கூட்டுவது, சுமப்பது, கால் கழுவத் தண்ணீர் எடுப்பது, அழைத்தால் ஓடுவது, இவைதாம் படம். மொழி தெரியாத எனக்கு ஒரு இடமும் விளங்காமற் போகவில்லை. அதைப் பார்த்த பிறகு, தெலுங்குப் படமென்றால் அடிதடியும் கலர் சேலையும் என்று பேசுபவர்களோடு வாதிடுவதையே விட்டுவிட்டேன்.

என் படக்கொப்பிகள் பதினொன்று இருந்தன. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இடத்துக்கிடம் ஓடியபோது அவை விசுவமடுவில் நின்றுவிட்டன. அரிசியா கொப்பியா என்றால் அரிசிதான். அதைப் பற்றி வருந்திப் பேச எனக்கு உரிமையில்லை, கொப்பியை மட்டும் இழந்தவர்கள் எங்களுள் அதிர்ஷ்டசாலிகள். பிறகு செட்டிகுளம் மெனிக் பாமிற் கூடாரத்துக்குள் இருந்தோம். இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட சனம். பொழுதுபட்டால் பிள்ளைகளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. கதை சொல்லும்படி கேட்டார்கள். ‘மாயாபஜார்’ சொன்னேன். நாலு இரவு ஓடிற்று. கல்யாண விருந்து முழுவதையும் கடோற்கசன் தனியொருவனாய் இருந்து தின்று தீர்க்கும் காட்சி வந்ததும் பிள்ளைகள் என்னை மேலே போக விடவில்லை. மறுபடி சொல்லுங்கோ, என்னென்ன சாப்பிட்டவன் என்று முதலிலிருந்து சொல்லுங்கோ என்றார்கள். பகல் முழுவதும் சாப்பாட்டுப் பார்சலுக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள். நான் படத்தில் இல்லாத மோதகம், பயற்றம் பணியாரம், பாற்பொங்கல், கத்தரிக்காய்க் குழம்பு எல்லாவற்றையும் அவன் தட்டிலே வைத்தேன். ஒரு சின்னப் பெட்டை மட்டும், “எல்லாத்தையும் அவனே திண்டால் மற்றாக்களுக்கு?” என்று கேட்டாள். ஐம்பது வருடமாக எல்லோரும் சிரித்து மகிழ்ந்த காட்சியை அப்படி ஒருவரும் பார்த்ததாக நான் அறியேன்.

இப்போது நிலைமை தலைகீழ். தெலுங்குப் படங்கள் உலகமெல்லாம் ஓடுகின்றன. கையிலிருக்கும் தொலைபேசியிலே மூல மொழியில், எழுத்தோடு பார்க்கலாம். இரண்டு வேலிகளில் ஒன்று விழுந்துவிட்டது. ஆனால் இளைஞர்களிடம் ஒரு படம் எப்படி என்று கேட்டால் அது எத்தனை கோடி எடுத்ததென்று பதில் வருகிறது. இது கணக்காளன் வேலை, எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை, அதனாற் சொல்கிறேன், படம் பார்ப்பதற்கு அது உதவாது. 2022இல் வந்த ‘ஆர்.ஆர்.ஆர்.’ படத்தின் பாட்டுக்கு அடுத்த வருடம் ஒஸ்கார் கிடைத்தபோது எனக்கும் சந்தோஷந்தான். 1924இற் சுடப்பட்ட அல்லூரி சீதாராம ராஜுவையும் 1940இற் கொல்லப்பட்ட கோண்டுப் பழங்குடித் தலைவர் கொமரம் பீமையும் நண்பர்களாக்கியது கற்பனை, கற்பனைக்கு நான் எதிரியல்லன். ஆனால் கடைசியிலே பீம் மற்றவரிடம் தன் சனத்துக்குப் படிப்பைக் கேட்டு நிற்கிறார். தண்ணீரும் காடும் நிலமும் எங்களது என்ற முழக்கத்தோடு சேர்த்து நினைக்கப்படும் மனிதர், அந்த முழக்கத்தையே இன்னொருவர் கையால் எழுதி வாங்குகிறார். நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்த வன்னிச் சனத்துக்கு அந்த இடம் உறுத்தவேண்டும். உறுத்தியதாக எழுதிய ஒரே ஓர் இளைஞனின் குறிப்பைத்தான் கண்டேன். அவனைத் தேடிப் பிடித்துப் பேசினேன்.

அதே தெலுங்கில் 2018இல் ‘கேர் ஒஃப் காஞ்சரபாலம்’ வந்தது. விசாகப்பட்டினத்தின் ஒரு பகுதியில் வாழும் சாதாரண சனங்களையே பெரும்பாலும் நடிக்க வைத்து எடுத்த படம். முன்பின் நடித்தறியாத அந்த முகங்களைப் பார்த்தால் எங்கள் சந்தையில் நிற்பவர்கள் போலிருக்கும். அடுத்த ஆண்டு ‘மல்லேசம்’. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட சிந்தகிந்தி மல்லேசம் என்ற நெசவாளர், தன் தாய்க்காக ஒரு இயந்திரத்தைக் கண்டுபிடித்த உண்மைக் கதை. போச்சம்பள்ளிச் சேலை நெய்வதற்கு முன் நூலை முளைகளில் முன்னும் பின்னுமாகச் சுற்றவேண்டும், ஒரு சேலைக்குச் சுமார் 9,000 தடவை கை போய்வர வேண்டும். அந்த வேலை பெண்களுடையது. தாயின் தோள்மூட்டு தேய்ந்து போவதைப் பொறுக்காமல் மகன் வருடக்கணக்காக மரத்தோடும் இரும்போடும் போராடுகிறார். இயந்திரத்துக்குத் தாயின் பெயரையே வைத்தார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்தப் படத்தை அண்மையில் எங்கள் சனசமூக நிலையத்திலே ஒரு ஞாயிறு பின்னேரம் போட்டோம். இப்போது மின்சாரம் இருக்கிறது, சுவரிலே பெரிதாக விழுத்திப் பார்க்கலாம். மூல மொழியிலேயே போட்டேன், எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாய் நூல் சுற்றும் காட்சியில் முன்வரிசையிலிருந்த முதிய பெண்கள் சொல்லிக்கொடுப்பதைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் தன் வலது தோளைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். படம் முடிந்து, இளைஞர்கள் விருதைப் பற்றியும் கண்டுபிடிப்பைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கையில், அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: “தம்பி, மிசின் வந்தாப்போலை அந்த வேலையை இப்ப ஆர் செய்யினம்? பெண்டுகளுக்கு அந்தக் காசு இன்னும் கிடைக்குதோ?”

விமர்சனத்தை அந்தக் கேள்வியிலிருந்துதான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். வரும் ஞாயிறு பலகையிற் குத்துவேன்.